பதிவேட்டின் ஓரத்தில்

நீடாமங்கலத்துக்கும் கொரடாச்சேரிக்கும் நடுவில்
என் கேட்.
நம்பர் சொல்ல மாட்டேன்,
தேடி வந்துவிடுவீர்கள்.
ஒரு கேபின், ஒரு போன், இரண்டு கொடி,
சுண்ணாம்பு அடித்த கற்களுக்குள்
நாலடித் தோட்டம்.

கேட் சாத்தியிருந்த ஒரு மத்தியானம்
காரிலிருந்து இறங்கி வந்தவர்
சிவப்புப் பிளாஸ்டிக் பூ ஒன்றை நீட்டினார்.
டெக்சாஸில் அவர் வீட்டுக் கொல்லையில்
கட்டைவிரல் அளவுப் பறவைகள்
அந்தரத்தில் நின்றபடியே இதில் குடிக்குமாம்.
அம்மாவுக்கென்று கொண்டுவந்தாராம்.
அம்மா வேண்டாம் என்றுவிட்டாளாம்.
"ஒரு பங்கு சீனி, நாலு பங்கு தண்ணி.
சாயம் மட்டும் கலந்துடாதீங்க."
அதற்குள் பாசஞ்சர் போய்விட்டது,
பின்னால் நின்ற டிராக்டர் கத்தியது.

ரேஷன் சீனிதான்.
காய்ச்சி, ஆறவைத்து ஊற்றினேன்.
முதல் நாள் கட்டெறும்பு.
மறுநாள் கட்டெறும்பும் அதன் சம்பந்திகளும்.
மூன்றாம் நாள் ஓர் அணில் தலைகீழாகத் தொங்கி
மூடியைக் கழற்றித் தண்டவாளத்தில் போட்டது.
தேன்சிட்டு
எதிரே வேலிக் கம்பியில் உட்கார்ந்து
மூக்கைத் தீட்டிக்கொண்டிருந்தது,
அழைப்பில்லாத கல்யாணத்தைப் பார்ப்பதுபோல.

நம்மூர்ச் சிட்டுக்கு
அந்தரத்தில் நெடுநேரம் நிற்க வராது.
காலுக்கு ஒரு காம்பு வேண்டும்.
இதைத் தெரிந்துகொள்ள எனக்கு
ஒரு சித்திரை செலவானது.

கேட்டில் நிற்பவர்களையே கேட்டேன்.
மினி பஸ் தாவூது இட்லிப்பூப் பதியன் கொடுத்தார்.
பால்கேனோடு சேர்த்துக் கட்டி
ஒரு வாழைக்கன்று வந்தது, கலியபெருமாளுடையது.
செம்பருத்தி மட்டும் ஐந்து பேர்.
ஐந்தும் அடுக்குச் செம்பருத்தி.
அடுக்குப் பூவில் தேன் எங்கே இருக்கிறதென்று
பூவுக்கே தெரியாது.
ஒற்றை இதழ்ச் செம்பருத்திக்கு
ஆடி வரை அலைந்தேன்.

ஐப்பசியில் தோட்டம் முழங்கால் தண்ணீரில் நின்றது.
இட்லிப்பூ அழுகிற்று.
வாழை மட்டும் ஒன்றும் நடக்காததுபோல்
இலை விட்டது.

தை பிறந்து குலை தள்ளியது.
முதல் மடல் தூக்கிய காலை, ஆறு நாற்பது.
ஸ்டேஷன் மாஸ்டர் போனில் சொன்ன பிரைவேட் நம்பர் நாற்பத்தேழை
எழுதி நிமிர்ந்தால்
பூவில் தலைகீழாக ஒரு கறுப்பு.
வெயில் பட்டதும் அது கறுப்பில்லை,
நீலமும் ஊதாவும் சண்டை போட்டன.
பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்தேன்:
தே.சி. 1.

மாசியில் இன்ஸ்பெக்ஷன்.
பெரிய அதிகாரி மூலைக்கு விரல் நீட்டினார்.
"ஒட்டடை அடிக்கிற வழக்கம் இல்லையாம்மா?"
அடித்துக்கொண்டுதான் இருந்தேன் சார்,
அந்தப் பொட்டை
ஜன்னல் சிலந்தி வலையை மூக்கால் சுற்றிச் சுற்றி
உருவிப் போகிறவரை.
இதைச் சொல்லவில்லை.
"இதென்ன, தே.சி.?"
"தேதிச் சிட்டை சார்."
கேபின் சுத்தம் திருப்தி இல்லை என்று எழுதி
பச்சை மையில் கையெழுத்திட்டுப் போனார்.

பிளாஸ்டிக் பூவைக் கழற்றிய கம்பி
சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.
அதில்தான் கட்டியது கூட்டை.
என் ஒட்டடை, தாளடி வைக்கோல் துணுக்கு,
புழு எச்சம்,
தாவூது பஸ் டிக்கெட்டில் கிழிந்த மூலை:
"மிச்சம் வாங்க" வரை படிக்கலாம்.
வாசல் தண்டவாளத்துக்கு முதுகு காட்டி.
ஆண் பக்கத்தில் உட்கார்ந்து பாடியது,
ஒரு துரும்பு எடுத்துத் தரவில்லை.

காத்திருப்பவர்கள் இன்னும் என்னைத் திட்டத்தான் செய்கிறார்கள்.
சிலர் ஹாரன் மட்டும் அடிப்பதில்லை.

நேற்று எக்ஸ்பிரஸ் தாமதம்.
வந்த வேகத்தில் கேபின் கண்ணாடி அதிர்ந்தது,
கூடு ஊஞ்சலாகி ஒரு சுற்றுச் சுற்றியது.
வாசலில் ஊசிமூக்கு மட்டும்
அசையாமல் வெளியே.
கார்டு பெட்டி கடக்கையில்
பச்சைக் கொடியை
வழக்கத்தைவிடச் சின்னதாக
அசைத்தேன்.