வெற்று எடை

பகலில் நான் எழுதுவது எடைச் சீட்டு.
செம்பனைக் குலைகளோடு லோரி மேடையில் ஏறும்,
எண் துடித்துத் துடித்து நிற்கும்.
இறக்கிவிட்டு வெறும் வண்டியாய் மறுபடி ஏறும்.
முன்னதில் பின்னதைக் கழித்தால் சரக்கு.
இருபது கிலோ பிசகினாலும்
மண்டோர் வந்து கண்ணாடியைத் தட்டுவார்.

வெள்ளி இரவுகளில் பீடோங் கடைத்தெரு,
கைப்பேசி பழுதுபார்க்கும் கடைக்கு மேல்மாடி.
மேசைக்குக் கூய் காசு வாங்குவதில்லை,
மைலோவில் எடுத்துவிடுவார்.
அங்கே என் கையில் வேறு சீட்டு.

அந்த மழைமாதத்துப் பொட்டலங்களில்தான்
இரவுக் காவலாளி வந்து இறங்கினான்.
படத்தில் பெரிதாக ஒன்றுமில்லை:
ஒரு கைவிளக்கு, ஒரு தொப்பி,
தொப்பிக்குக் கீழே
முகம் வரையாமல் விட்ட இருட்டு.
இறக்க விலை ஒன்று.
வாசகம் ஒரே வரி:
எதிராளி சீட்டு எடுக்கும்போதெல்லாம்
நீயும் ஒன்று எடு.

படித்ததும் எனக்குக் கை அரித்தது.
மூன்று என்று இருக்கவேண்டிய விலை அது.
எங்கோ குளிரூட்டிய அறையில் எவரோ
சரக்கை விட்டுவிட்டு
வெற்று எடையை மட்டும் எழுதி
வீட்டுக்குப் போயிருக்கிறார்.

மூன்றே வாரம்.
பதினாறு பேரில் பதின்மூன்று பேர் கட்டில்
நாலு நாலு காவலாளி.
ஒன்று தொண்ணூறு வெள்ளிக்குப் போனது.
தர்விந்தன் மோட்டார் சைக்கிளுக்குச் சாலை வரி கட்டாமல்
நாலும் வாங்கினான்;
போலீஸ் நிற்கும் முச்சந்தியைச் சுற்றிக்கொண்டு
செம்பனைக்குள்ளே புகுந்து வருவான், காலெல்லாம் சேறு.
ஃபாருக் தன் நெருப்புக் கட்டைப்
பிஸ்கட் டின்னில் போட்டு மூடினான்.
எந்த மேசைக்குப் போனாலும் அதே தொப்பி, அதே விளக்கு.
யார் முதலில் என்று காசு சுண்டும்போதே
பாதி ஆட்டம் முடிந்துவிடும்.

எனக்கு அது பிடிக்கவில்லை என்பது பெருமை இல்லை.
முந்நூற்று அறுபது வெள்ளி இல்லை, அவ்வளவுதான்.

இரவு முறை. கடைசி லோரிக்கும் அடுத்த லோரிக்கும் நடுவே
ஆலைப் புகை வாசத்தில் அந்த வரியை
எடைச் சீட்டின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன்.
‘எடுக்கலாம்’ என்று இல்லை.
‘எடு’.
வேண்டாம் என்று சொல்ல
அவனுக்கு வழியே வைக்கவில்லை.

கூயிடம் இருபது காசுக் கூடையில்
ஓடை என்று ஒரு சீட்டு கிடக்கும்: மூன்று எடுத்துக்கொள்.
யாரும் சீந்தாதது. இருந்த எட்டையும் அள்ளினேன்,
நாலுதான் போடலாம் என்று தெரிந்தும்.
மிச்ச இடத்தில் சுவர், சுவர், சுவர்.

சனிக்கிழமைப் போட்டியில் தர்விந்தன் எதிரே.
காவலாளியை இறக்கிவிட்டு நாற்காலியில் சாய்ந்தான்.
நான் மூன்று எடுத்தேன். அவனும் மூன்று.
சிரித்தான். கை நிறைய வைத்துக்கொண்டு
சீனி கூடிப்போன தே ஓவைக் குடித்தான்.
மறுபடி மூன்று.
அவன் அடித்ததில் என் சுவர் இரண்டு போனது.
மறுபடி.
நான் எடுப்பதற்கும் எடுக்கிறான்,
அவன் முறைக்கும் எடுக்கிறான்.
ஐம்பது சீட்டுக் கட்டு
விரல் தடிமன் ஆனபோதுதான்
கோப்பையைக் கீழே வைத்தான்.
“நிறுத்தலாமா இதை?” என்று கூயைக் கேட்டான்.
கூய் சீட்டை விளக்குக்கு நேரே பிடித்து
இரண்டு தடவை படித்தார்.
“நிறுத்த முடியாது லா.”
எடுக்க ஒன்றும் இல்லாதவன் தோற்றவன்.

அடுத்த மாதம் முதல் தேதி தடை வந்தது.
தொண்ணூறு வெள்ளி நாலு வெள்ளி ஆனது.
தர்விந்தன் சாலை வரி கட்டினான், தாமதத்துக்கும் சேர்த்து.
பிஸ்கட் டின் திறந்தது.

காவலாளி இல்லாத மேசையில்
என் ஓடை வெறும் ஓடை;
நான் எடுத்தால் நான் மட்டும்தான் எடுக்கிறேன்.
ஃபாருக்கின் நெருப்பு
நாலு நிமிடத்தில் என் சுவர்களைத் தின்றது.
ஆட்டம் பிழைத்துக்கொண்டது என்று எல்லோரும் சொன்னார்கள்.
எனக்கும் தெரியும்.
சந்தோஷமாகத் தோற்றேன் என்று மட்டும்
எழுதித் தரமாட்டேன்.