தகவல் தெரிவிக்கப்பட்டது

குளச்சல் ஸ்டேஷனில் அப்படி ஆளே இல்லையாம்.
இரணியல் கோர்ட்டில் நாளைக்கு வரச்சொன்னார்கள்.
நாகர்கோவில் கண்ட்ரோல் ரூம் பலகையில்
நேற்றுப் பிடிபட்டவர்களின் பெயர்களை
மழை பாதி தின்றிருந்தது.

கம்ப்யூட்டரில் தேடினான் ஜெராக்ஸ் கடைப் பையன்:
"யூஜின்னு யாருமில்லக்கா."
அப்பன் பெயரைப் போடச் சொன்னேன்.
வந்தது.
மரியசிலுவை, வயது 34, தொழில் கூலி.
செத்து ஒன்பது வருஷமான மாமனார்
என் புருஷன் வயதில் கைதாகியிருந்தார்.
அடையாளம்: இடப்புருவத்தில் தூண்டில் தழும்பு.
அவர்தான்.

நகல் பத்து ரூபாய்.
கடைசி வரியை அவனே வாசித்தான்:
மனைவிக்கு மாலை 6.40க்குத்
தொலைபேசியில் தகவல் தெரிவிக்கப்பட்டது.

ஆறு நாற்பதுக்கு நான்
ஏலத்தில் சாளைக்கு விலை கேட்டுக்கொண்டு நின்றேன்.
போன் அவர் சட்டைப்பையில்.
எங்களுக்கு இருப்பது ஒன்றுதான்.