பதினேழு பெட்டி நைட்டி

சர்வர் பதிவில் பொய் இல்லை.
இரவு இரண்டு நாற்பது.
கடை: எம்.சி. ரோடு, மூன்றாவது சந்து, மாடி.
பெயர்: பல்கீஸ்.
போன் அவருடையது.
பாஸ்வேர்டு காலையில் அவரே போட்டுத் திறந்தது.
விருத்தாசலம் போக வேண்டிய
பதினேழு பெட்டி நைட்டிக்கு
முகவரி மட்டும் மாறியிருந்தது,
யாரும் கேள்விப்படாத ஒரு குடோனுக்கு.

"நான் தொடவே இல்லப்பா.
தூக்கம் வரல. யாரோ அனுப்பின லிங்கு,
பாதி விலையில மிக்ஸின்னு.
தொறந்தேன், வெள்ளையா ஒரு பக்கம் வந்துச்சு,
மூடிட்டேன்."

அந்த வெள்ளைக்குள்
கண்ணுக்குத் தெரியாத படிவம் ஒன்று இருந்தது.
தன்னைத் தானே நிரப்பிக்கொண்டு
அவர் சாத்தாமல் வைத்திருந்த கடைக்குள் போனது,
அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு,
அவர் இருமலோடு.
சர்வர் குக்கீயைப் பார்த்தது. சரியாக இருந்தது.
வாங்கக்கா என்றது.

இதையெல்லாம் அவரிடம் நான் சொல்லவில்லை.
சொன்னது, "பாஸ்வேர்டை மாத்திடுங்க."

பாஸ்வேர்டு தெரிந்த இன்னொருவன்
பேக்கிங் பையன் ஜெரோம்.
மறுநாள் அவனைக் காணோம்.
டேப் ஒட்டும் கருவி மேசைமேல்
நாக்கை நீட்டியபடி கிடந்தது.

ரம்ஜானுக்கு முந்தின வாரம்
"செஷன் முடிஞ்சிடுச்சுன்னு வருதுப்பா,
கஸ்டமர் ஓடிப்போறாங்க" என்று
நாலு முறை போன் வந்த ராத்திரி,
தண்டையார்பேட்டை அறையில், கொசுவர்த்திப் புகையில்,
ஒவ்வொரு படிவத்திடமும் டோக்கன் கேட்கும்
ஒரே ஒரு வரியை
இரண்டு சாய்கோடு போட்டு மூடியவன் நான்.
அப்புறம் திறந்துகொள்ளலாம் என்று.
லாரித் தண்ணிக்கே டோக்கன் கேட்கிற ஊரில்.

மூன்று நாள் கழித்துக் காசிமேடு.
மாமாவோடு ஐஸ் உடைக்கிறான் என்று சொன்னார்கள்.
விடிய நேரமிருந்தது.
வஞ்சிரக் கூடைக்கு ஏலம் ஏறிக்கொண்டிருக்க,
பின்னாலிருந்து கூடைக்காரி ஒருத்தி இடித்ததில்
என் கை தானாக மேலே போனது.
ஏலம் விடுகிறவர் நிறுத்தினார்.
டார்ச்சை என் முகத்தில் அடித்தார்.
"இன்னாபா, நீயா கேட்ட?"

இல்லை என்றேன்.
சரி என்று அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்.
அவ்வளவுதான் வேலை.
அரை நொடி.

பெட்டிகளுக்கு அப்பால் ஜெரோம் நின்றிருந்தான்,
கையில் கட்டை, ஊறி வெளுத்த கால்விரல்கள்.
"அண்ணே, சைட்டு சரியாயிடுச்சா?"
சரி பண்ணிட்டேன் என்றேன்.
மீதியைச் சொல்ல வாயெடுத்தபோது
ஐஸ் உடையும் சத்தம் தொடங்கிவிட்டது.

பழைய பாலம் வரை நடந்து வந்து
போனில் பல்கீஸ் அக்காவின் பெயரை எடுத்து வைத்திருக்கிறேன்.
சட்டையெல்லாம் மீன் தண்ணீர்.
அழுத்த வேண்டிய விரல் என்னுடையது.
பின்னால் யாரும் இல்லை, இடிக்க.