ஒருக்காத்தான் கேட்கும்

ஒட்டுசுட்டான் ஆலையில் நெல் நிறை எழுதுகிறவள் நான்.
மோட்டர் இரைச்சலுக்குள்
தவநேசன் வாய் திறக்கிற விதத்திலேயே
அறுபத்தொன்றா அறுபத்தேழா என்று பதிந்துவிடுவேன்.
அதனால் முதற்பகுதித் தொலைபேசி இலக்கம்
எனக்குத் தப்புவதில்லை.
டபிள் ஃபோர், நைன், ஓ.
பூச்சியத்தை ஓ என்கிறார்கள்,
யாரையோ திடீரென்று நினைத்துக்கொண்டதுபோல.

பன்னிரண்டுக்குப் பிறகுதான் டேட்டா மலிவு.
ஹெட்செட்டின் இடப்பக்கம் செத்துப்போச்சு,
வலக்காதில் மட்டும் இங்கிலாந்து.
ஒருத்தி நீச்சல் கழகத்தில் சேர வருகிறாள்.
ஒருவன் சைக்கிளைத் தொலைத்துவிட்டுப்
பொறுமையாக அதன் நிறம் சொல்கிறான்.
வியாழன் என்பான்.
மன்னிக்கவும், வியாழன் இல்லை, வெள்ளி என்பான்.
நான் வியாழனை எழுதி முடித்திருப்பேன்.

அதுதான் பொறி என்கிறாள் சோபிதா,
என்னோடு பரீட்சைக்குக் காசு கட்டியவள்.
"முதல் சொல்லுறதை நம்பாதை. திருத்துவினம்."

வரைபடத்தில் நீரூற்றைத் தாண்டி இடம் திரும்பச் சொன்னால்
தொலைந்துபோகிறேன்.
எனக்குத் தெரிந்த வழியெல்லாம்
மதகு, பாலைமரம்,
அதுக்கங்காலை ஆரிட்டையும் கேளுங்கோ.

ஆனாலும் பெயர்கள்தான் கஷ்டம்.
எழுத்தெழுத்தாகச் சொல்வார்கள்,
இடையில் ஒரு மூச்சு விட்டு.
மறுமுனையில் இருப்பவன் திரும்பச் சொல்லிப் பார்ப்பான்:
சரியா?
சரி.
என் பேனா அங்கே நின்றுவிடுகிறது.

அண்ணாவின் பெயர் எழில்வேந்தன்.
பொலிஸ் துண்டில் எலில்வெந்தன்.
ஆணைக்குழுப் பதிவில் எஸில்வேண்டன்.
பிறகு வந்த கடிதத்தில் பாதிப் பெயர்தான்,
பெட்டி போதவில்லையாம்.
மூண்டு பேரைத் தேடுகினமோ
ஒருத்தரையும் தேடேல்லையோ என்று
அம்மா ஒருநாள் கேட்டா.
எழுதியவர்களில் எவரும் தலை நிமிர்ந்து
சரியா என்று கேட்கவில்லை.
ழ-வுக்கு எந்த எழுத்தென்று தெரியாமல்
நாங்களும் நின்றோம்.

மூன்றாம் பகுதி தொடங்க மழை பிடித்தது.
தகரக் கூரைக்குக் கீழே
ஒரு விரிவுரையாளரும் இரண்டு மாணவரும்
எதையோ ஒத்துக்கொண்டார்கள்.
எதையென்று எனக்குத் தெரியாது.
முப்பது வரைக்கும் வெறுங்கோடு.
நிறுத்தித் திரும்பப் போடலாம், பயிற்சிதானே.
சோபிதா விடமாட்டாள்:
"அங்கை ஒருக்காத்தான் கேட்கும்."

மழை விட்டபின் போனில் பதிவை அழுத்தினேன்.
நீச்சல் கழகக்காரியின் நிதானத்தில்:
ஈ. எல்.
சொறி, எல் இல்லை, இஸட்.
எச். ஐ. எல்.
மூச்சு.
வீ. ஈ. என். டீ. எச். ஏ. என்.

போட்டுக் கேட்டேன்.
கூரையிலிருந்து சொட்டுகிறது, பின்னால் இரண்டு தவளை,
என் குரல் யாரோ காரியாலயத்துப் பெண்ணுடையதுபோல.
விடைத்தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினேன்.
அங்கே பெட்டி இல்லை.
இடம் காணுமாயிருந்தது.

இன்றைக்கு நாற்பதுக்கு இருபத்தாறு.
விடிய ஏழரைக்கு ஆலை திறக்கும்.