இரண்டு மில்லிமீட்டர்

நான் யாரையும் தொடுவதில்லை.
கண்ணாடி விற்ற கம்பெனியின் ஆள்.
வூச் நகர மருத்துவமனை, பிப்ரவரி, காலை ஏழு நாற்பது.
நீலத் துணிகளுக்கு இரண்டு முழம் தள்ளி
மடிக்கணினியோடு நிற்பது என் உத்தியோகம்.

குப்புறக் கிடப்பவர் ஸெனோபியா குபியாக்.
முப்பத்தொரு வருடம் டிராம் ஓட்டிய முதுகு.
நேற்று வார்டில் கேட்டார்:
"உன் கண்ணாடிக்குத் தடம் தெரியுமா?
தடம் இல்லாமல் நான் எதையும் ஓட்டியதில்லை."

டாக்டர் யாகோடா வில்ச்செக் பார்ப்பது
என் திரைக்கும் வருகிறது.
விலக்கிய தசையின் மேல்
ஸ்கேனிலிருந்து எழுந்து வந்த இன்னொரு முதுகெலும்பு.
நாலாவது முள்ளெலும்பில்
திருகு இறங்க வேண்டிய வழி, பச்சைக் கோடாக.
பென்சில் பருமன் எலும்பு. ஒட்டினாற்போல் நரம்பு.
நரம்புக்குப் பச்சை தெரியாது.

வென்டிலேட்டர் ஊத ஊத
உடம்பு ஏறி இறங்குகிறது,
படமும் கூடவே ஏறி இறங்குகிறது.
அதைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வந்துவிடும்.
அன்றும் வந்தது.

டிமோன் உறிஞ்சுகுழாயை நீட்டினான்.
எலும்பைக் கவ்வியிருந்த குறிச்சட்டத்தில் அவன் முழங்கை பட்டது.
பட்டது என்றுகூடச் சொல்ல முடியாது.
பேருந்தில் அப்படி இடித்தால் திரும்பிப் பார்க்கமாட்டோம்.
பச்சைக் கோடு பச்சையாகவே இருந்தது.

டாக்டர் கம்பியின் முனையை எலும்பில் வைத்தார்.
கை சொன்னது: தொட்டாயிற்று.
படம் சொன்னது: இன்னும் இல்லை.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றச் சொன்னார்.
கரண்ட் போன வீட்டில் ஸ்விட்ச் தேடுகிறவர் மாதிரி
விரலை உள்ளே விட்டு,
கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு,
ஒரு சின்ன மேட்டைத் தேடினார்.
"இங்கே."
யாரிடமும் சொல்லவில்லை அதை.
பிறகு என் பக்கம்:
"இரண்டு மில்லிமீட்டர் பொய். முதலிலிருந்து பொருத்து."

பத்தொன்பது நிமிடம்.
என் விரல்கள் விசைகளில் வழுக்கின.
டிமோன் என்னைப் பார்க்கவில்லை, நான் அவனை.
அப்புறம் நாலு திருகும், ஒவ்வொன்றாக,
விரல் ஒருமுறை, படம் ஒருமுறை கேட்டுக்கொண்டு.

சாயங்காலம் ஸெனோபியா
இரண்டு கால் கட்டைவிரலையும் ஆட்டிக் காட்டினார்.
"தடம் இருந்ததா?"
"இருந்தது. கொஞ்சம் நகர்ந்திருந்தது."
"குளிர்காலத்தில் நகரும்," என்றார்,
என்னைத் தேற்றுகிற மாதிரி.

இரவு, ஓட்டல் அறையில், கம்பெனிப் படிவம்.
பிழையைக் கண்டறிந்த கருவி எது?
'விரல்' என்று அடித்தேன்.
பட்டியலில் இல்லை, வேறொன்றைத் தேர்ந்தெடுக்கவும் என்றது திரை.
கீழே தெருவில் கடைசி டிராம்
வளைவில் கிறீச்சிட்டுத் திரும்பும்வரை
தேர்ந்தெடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.