கடைசி நாலு நிமிசம்

மூன்றாம் தரமும் பார்த்து முடித்தோம்.
கொக்குவிலில் யதுர்சனின் அறை,
அவனுடைய லாப்டொப்,
கரண்ட் போய் வந்ததில்
மின்விசிறி மறுபடி சுழலப் பழகிக்கொண்டிருந்தது.

மொத்தம் இருபத்தாறு பாகம்.
ஊர்ச்சனத்தின் நிழலெல்லாம் ஒரே இரவில் களவுபோக,
ஒரு பெட்டை அவற்றை மீன் ரின்னுக்குள்
தேடித் தேடிச் சேர்க்கிறாள்.
பேக்கரிக்காரனின் நிழல் கிணற்றடியில்.
பள்ளிக்கூட மணியின் நிழல் பூனையின் வாயில்.
எல்லாம் கொடுத்து முடிந்த பிறகு
ரின்னைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டுகிறாள்.
அவளுடையது அதில் இல்லை.
இறங்குதுறையில் நின்று ஒரே ஒரு சொல் சொல்கிறாள்.
பிறகு
கடல்.
இசை இல்லை, பெயர்ப்பட்டியல் இல்லை,
நாலு நிமிசம் முழுக்கக் கடல்.

"காசு முடிஞ்சிருக்கும்," என்றான் பிருந்தாபன்.
"கீறுறதுக்கு ஆளில்லாமல் கடலை ஓடவிட்டிட்டாங்கள்."

"செத்திட்டாள்," என்றான் யதுர்சன்.
"நிழல் இல்லாட்டி ஆள் இல்லை.
ஒன்பதாம் பாகத்தில பூனை சொன்னதெல்லே."

நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.
கொடிக்கம்பத்துக்கும் நிழல் இல்லை,
கட்டிக் கிடந்த வள்ளத்துக்கும் இல்லை.
"மத்தியானமடா அது, உச்சி வெயில்!
பன்னிரண்டு மணிக்குப் பண்ணைப் பாலத்தில
உனக்கு மட்டும் நிழல் நீண்டு கிடக்குமோ?"
"விசர்க்கதை கதைக்காதை."
"நீதான் விசரன்."
பால்தேத்தண்ணி ஆறி ஆடை பிடித்தது.

மூலையில் இருந்தாள் லக்சிகா.
நகோயாவில் வயதுபோனவர்களைப் பராமரிக்கப் போவதற்காக
ஜப்பானிய எழுத்துகளைக்
கணக்குக் கொப்பிச் சதுரங்களுக்குள்
அடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.
"சப்டைட்டில் பிழை," என்றாள்.
'நான் போகிறேன்' என்று ஆங்கிலத்தில் கிடந்த இடத்தில்
பேனை முனையை வைத்தாள்.
"அவள் சொன்னது இத்தெகிமாஸ்.
முதல் கிழமையே படிப்பிச்சவை.
போறன் இல்லை.
போட்டு வாறன்."

எங்கள் வீடுகளில்
வாசலில் நின்று 'போறன்' என்றால்
வாயிலேயே ஒன்று விழும்.
அந்தப் பயம்
அவ்வளவு தூரத்தில், வேறொரு கடற்கரையிலும்
ஒரு வினைச்சொல்லுக்குள் இருக்குமென்று
நாங்கள் நினைத்திருக்கவில்லை.

பிருந்தாபன் துள்ளினான்.
"அப்ப வருவாள்! அடுத்த சீசன் இருக்கு!"

யதுர்சன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
"அப்பாவும் போட்டு வாறன் எண்டுதான் சொன்னவராம்.
சீனி வரிசைக்கு."

அதற்குப் பிறகு
கதையின் உட்பொருள் பற்றி
அந்த அறையில் எவரும் கதைக்கவில்லை.
லக்சிகா இன்னும் ஒரு சதுரத்தை நிரப்பினாள்.

ஆவணியில் அவளுக்கு விசா வந்தது.
கொழும்பு பஸ், இரவு எட்டரை.
படியில் ஏறித் திரும்பி
"இத்தெகிமாஸ்!" என்றாள்.
நாங்கள் சிரித்தோம்.
"சிரிக்காதையுங்கோ மடையரே,
இதுக்கு ஒரு பதில் இருக்கு.
நிக்கிறவை சொல்லவேணும்:
இத்தெரஷாய். போட்டு வா."
சொல்ல வாயெடுக்குமுன்
கதவு அடித்துச் சாத்தி, ஹோன் அடித்து,
பஸ் திரும்பிவிட்டது.

சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போதுதான்
அந்த இறங்குதுறை ஞாபகம் வந்தது.
அங்கே ஒருவருமே இல்லை.
நிழல் கிடைத்த சனமெல்லாம்
கிடைத்ததை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது.
அவள் சொன்னாள்.
ஒருவரும் திருப்பிச் சொல்லவில்லை.
காசு முடிந்ததல்ல, சாவும் அல்ல,
அந்த நாலு நிமிசம்
பதிலுக்காக விட்ட இடம்.
மூன்று தரம் பார்த்தும்
வாயை மூடிக்கொண்டு
நிழலை அளந்துகொண்டிருந்திருக்கிறோம்.

இதை யதுர்சனுக்கு எழுதி அனுப்பினேன்.
இரண்டு நீலக்கோடு. பதில் இல்லை.

விடியப்புறம் இரண்டு பத்துக்கு வந்தது:
"திரும்பவும் போட்டுப் பார்த்தன்.
மூண்டாவது நிமிசத்தில சத்தமாச் சொல்லிப்போட்டன்.
அம்மா எழும்பி வந்து
ஆரோட கதைக்கிறாய் எண்டு கேக்கிறா."

கனநேரம் எழுதி, அழித்து,
கடைசியில் இதை மட்டும் அனுப்பினேன்:
"மத்தியானம்தான்டா அது.
கொடிக்கம்பத்தைப் பார்."