சம்மாந்துறைக் கிளை

காலை எட்டுப் பத்துக்கு ஆதம்பாவா எடுக்கிறார்.
மில் வாசலில் மூன்று உழவு மெஷின்,
தராசு சரி, நெல் சரி,
பில்லில் மட்டும் மூடைக்குப் பதினைந்து கிலோ காணவில்லை.
"ராவு எதயும் மாத்தினீங்களா புள்ள?"

இல்லை.
சம்மாந்துறைக் கிளையை நான் தொட்டு
நாற்பத்தொரு நாள்.
பதிவில் கடைசிப் பெயர் ஜெசீமா, நான்தான்:
தை மாதம், ஒரு காற்புள்ளி.

கல்முனையில், மருந்துக்கடைக்கு மேல்,
மின்விசிறி கிறீச்சிடும் அறையில்
அந்தக் காற்புள்ளியை ஒரு மணிநேரம்
குற்றவாளிபோல் விசாரித்தேன்.

மறுகாதான் கண்ணில் பட்டது
'அளவை' என்ற கோப்புறை.
எங்கள் மரத்தில் முளைத்ததல்ல அது.
வேறொரு களஞ்சியத்திலிருந்து
எல்லாக் கிளைக்கும் இழுத்து வருவது.
கிளை பிரித்த அன்று நான் எழுதிய முகவரியில்
பெயர் இருந்தது, பதிப்பிலக்கம் இல்லை.
இலக்கம் இல்லையென்றால்
இன்றைக்கு எது புதிதோ அது.

நேற்றுப் பின்னேரம் டிலக்சன்
வெல்லாவெளி மில்லுக்காக
அளவைக்குள் போய்
அறுபத்தைந்தை ஐம்பது ஆக்கினான்.
அவன் சோதனையெல்லாம் பச்சை.
இரவு ஒரு மணிக்குச் சேர்வர் தானாக எழும்பி
எல்லாக் கிளையையும் கட்டி அனுப்பியது.
ஒருவரும் பிழை செய்யவில்லை.
திட்டுவதற்கு ஆளில்லாத கோபத்தை
எங்கே வைப்பது?

ஆதம்பாவாவுக்குச் சொன்னேன்:
மேல்வாய்க்காலில் ஒருவர் பலகையைத் தூக்கினார் காக்கா,
உங்கட வயலுக்கும் அதே தண்ணி.
கொஞ்சம் யோசித்துக் கேட்டார்:
"அப்ப உங்கட வட்டைவிதானை ஆரு?"

பதில் சொல்லாமல்
முகவரியின் முடிவில் 318 என்று எழுதினேன்.
அறுபத்தைந்து கிலோ மூடை
இருந்த இடத்துக்கு வந்து நின்றது.

டிலக்சன் எட்டிப் பார்த்தான்.
"அப்ப நான் ஒரு பிழை திருத்தினாலும்
உனக்கு வராதே?"
வராது.
வாசித்துப் பார்த்து, கேட்டு எடுப்பன்.
"மறந்தா?"
மறந்தால், பழைய பிழையோடு கிடப்பேன்,
எனக்குத் தெரிந்த பிழையோடு.

பத்தரைக்கு மறுபடி ஆதம்பாவா.
இப்ப சரி. ஆனால்
முதல் மெஷின் முன்னமே போய்விட்டதாம்.
இருபத்திரண்டு மூடை, முந்நூற்று முப்பது கிலோ.
இறக்காமத்து ஆள், போன் நம்பர் இல்லை.

அவரைத் திருப்பிக் கொண்டுவர
என்னிடம் கட்டளை ஏதுமில்லை.
மோட்டார் சைக்கிளை உதைக்கும் சத்தம்
போனுக்குள் கேட்கிறது.